செவிப்பறைக்குப் பின்னால் துடிக்கும் சிவப்பு: சிடியா, எம்.ஆர்.ஐ.யா, ஆஞ்சியோவா?

அந்த அம்மாவுக்கு 45 வயதிருக்கும். கையில் பெரிய எம்.ஆர்.ஐ. கவர். அதற்குள் இருந்த ரிப்போர்ட்டின் கடைசி வரி, பயாப்சி எடுத்துப் பார்க்கலாம் என்றது. ராத்திரி வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் காதுக்குள் யாரோ உரலில் இடிப்பதுபோல் சத்தம் கேட்கிறது என்றார். நாடியைப் பிடித்துக்கொண்டு எண்ணச் சொன்னேன். நாடியும் சத்தமும் ஒன்றாகவே போயின. செவிப்பறைக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ தெரிகிறது என்று இஎன்டி டாக்டர் சீட்டில் எழுதி, காதைச் சுற்றியுள்ள எலும்பைக் காட்டும் டெம்போரல் போன் சிடி கேட்டிருந்தார்.

"இவ்வளவு செலவு பண்ணி எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு. இப்போ எதுக்கு சார் திரும்ப சிடி? அது இதைவிடச் சின்ன டெஸ்ட்தானே?" என்றார் கணவர்.

நான் ரேடியாலஜிஸ்ட். இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். எக்ஸ்ரே, அதற்கு மேல் சிடி, அதற்கும் மேல் எம்.ஆர்.ஐ., உச்சியில் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோ என்று நம் மனதில் ஒரு மாடிப்படி இருக்கிறது. மேல்படி ஏறியவர் கீழ்ப்படிக்கு ஏன் இறங்க வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் படிக்கட்டு விலைப்பட்டியலைப் பார்த்துக் கட்டியது. நடுக்காது ரத்தக்குழாய் விஷயத்தில் அது ஆளைத் தப்பான மாடியில் கொண்டுபோய் விடும்.

நடுக்காது என்பது 1 மில்லிலிட்டர் தண்ணீரைக்கூடச் சரியாகக் கொள்ளாத காற்றறை. ஒலியைக் கடத்தும் மூன்று எலும்புகள் அதற்குள் தொங்குகின்றன. கடைசியில் இருக்கும் அங்கவடி எலும்பின் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர். இந்தச் சின்ன அறைக்கு அமைந்த அக்கம்பக்கம்தான் பிரச்சினை. முன்சுவருக்கு அந்தப் பக்கம், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் உள் கரோட்டிட் தமனி ஏறுகிறது. தரைக்குக் கீழே, மூளையிலிருந்து இறங்கும் ரத்தம் திரளும் ஜுகுலர் சிரையின் குமிழ் இருக்கிறது. கரோட்டிடுக்கும் காதுக்கும் நடுவே உள்ள எலும்பு பலருக்கு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஓட்டு வீட்டுக்குப் பொதுச்சுவர் போட்டதுபோல ஒரு ஏற்பாடு.

சுவர் இல்லாமல் போனாலோ, குழாய் வழிமாறி உள்ளே வந்தாலோ, டாக்டர் காதுக்குள் விளக்கடிக்கும்போது சிவப்பாகவோ நீலமாகவோ தெரியும். இப்படி எட்டிப்பார்க்கக்கூடியவர்கள் முக்கியமாக நான்கு பேர்.

முதலாமவர்தான் ஆபத்தானவர்: வழிமாறிய கரோட்டிட். கருவில் வளரும்போது கழுத்தில் உள் கரோட்டிடின் ஒரு பகுதி உருவாகாமல் போய்விடுகிறது. மூளைக்கு ரத்தம் போயாக வேண்டுமே! நடுக்காதின் தரையில் உள்ள நூலளவு துளை வழியாக ஏறும் ஒரு பொடிக்குழாய் அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டு பெருக்கிறது. மெயின் ரோடு அடைபட்டதும் லாரிகளெல்லாம் சந்துக்குள் திரும்புவதுபோல. முடிவில், மூளைக்குப் போக வேண்டிய ரத்தம் நடுக்காதின் உட்சுவர் மேட்டின் மீது, மேலே எலும்பு மூடாமல், செவிப்பறையை ஒட்டி ஓடுகிறது.

இரண்டாமவர் ஸ்டபீடியல் தமனி. கருவில் எல்லோருக்கும் உண்டு. அங்கவடி எலும்பின் நடுவில் ஓட்டை இருப்பதே இந்தக் குழாய் அதன் வழியே போனதால்தான். மூன்றாம் மாத வாக்கில் மறைந்துவிட வேண்டியது, சிலருக்கு மறைவதில்லை. ஜோசப் ஹிர்ட்ல் 1836இல் இதை விவரித்தார். பிணக்கூற்று ஆய்வுகளில் ஆயிரம் காதுகளுக்கு ஏறத்தாழ 5 என்று கணக்கு. அறுவை மேசையில் கண்ணில் படுவது அதைவிட மிகக் குறைவு. வழிமாறிய கரோட்டிடும் இதுவும் சேர்ந்தே வருவதும் உண்டு.

மூன்றாவது, உயரமாக ஏறிவிட்ட ஜுகுலர் குமிழ். நான்கில் அதிகம் பார்ப்பது இதைத்தான். நீல நிறம், செவிப்பறையின் கீழ்ப்பகுதியில், பெரும்பாலும் வலப்பக்கம், ஏனென்றால் மூளையின் கழிவு ரத்தம் பலருக்கு வலப்பக்கமே அதிகம் இறங்குகிறது. நான்காவது குளோமஸ் கட்டி. இது பிறவிக் கோளாறு அல்ல. நரம்பை ஒட்டிய மிகச் சிறு திசுக்களில் முளைக்கும், ரத்தம் ததும்பும் கட்டி. நடுவயதுப் பெண்களிடம் அதிகம். அந்தத் திசுக்களை ஸ்டேசி கில்ட் 1941இல் விவரித்தார். காதில் அதே இனத்துக் கட்டி உண்டு என்று ஹாரி ரோசன்வாசர் 1945இல் காட்டினார். கண்ணுக்குத் தெரியும்போது இதுவும் சிவப்பு, இதுவும் துடிக்கும். முதலாமவரையும் இவரையும் குழப்பிக்கொள்வதில்தான் விபரீதமே நடக்கிறது.

அதனால் பரிசோதனைகளை ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடுகிறேன்: ஊசியும் பயாப்சியும். மற்ற உறுப்புகளில் கட்டி என்றால் துண்டெடுத்துப் பார்ப்பது முறை. இங்கே அந்தப் பழக்கம் உயிருக்கு உலை. மேலே படர்ந்திருப்பது கரோட்டிட் என்றால் கத்தி பட்ட நொடியில் ரத்தம் பீறிடும். அடைத்து நிறுத்தினால் மூளையின் அந்தப் பக்கம் ரத்தமின்றிப் பக்கவாதம் வரலாம். குளோமஸ் என்றாலும் ரத்தம் கொட்டும், அதுவும் படத்திலேயே தெரிந்துவிடக்கூடியதைத் தெரிந்துகொள்ள. காதில் நீர் கோத்திருக்கிறது என்று நினைத்துச் செவிப்பறையில் கீறல் போடும் இடத்திலும் இதே வலை விரிந்திருக்கிறது. நீர் கோத்த காதும் சில சமயம் நீலமாகத்தான் தெரியும். நிறத்தில் சந்தேகம் என்றால் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் படம் எடுப்பதுதான் ஒழுங்கு.

செலவே இல்லாத சோதனையிலும் நிறைய தெரியும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். சத்தம் இருக்கும் பக்கத்துக் கழுத்தை, தாடைக்குக் கீழே லேசாக, சிரை மட்டும் அமுங்கும்படி டாக்டர் விரல் வைப்பார். சத்தம் நின்றால் மூலம் சிரைப்பக்கம். நிற்காவிட்டால் தமனி அல்லது கட்டிமீது சந்தேகம் கூடும். வீட்டில் நீங்களே அழுத்திப் பார்க்க வேண்டாம், வயதானவர்கள் கட்டாயம் வேண்டாம். கரோட்டிட் அமுங்கினால் மயக்கம் வரும். காதுக்குப் பின்னுள்ள எலும்பில் ஸ்டெதஸ்கோப் வைத்து டாக்டருக்கும் அந்தச் சத்தம் கேட்டால் விஷயம் வேறு திசையில் போகிறது, பிறகு வருகிறேன். காதுக்குள் காற்றழுத்தம் கொடுத்தால் குளோமஸ் கட்டி வெளுக்கும் என்று பாடப்புத்தகத்தில் ஓர் அடையாளம் உண்டு. கைதேர்ந்தவர் செய்தால் பயன். ஆனால் அதை மட்டும் நம்பி யாரும் கத்தி எடுக்கக் கூடாது.

இனி மெஷின்களுக்கு வருவோம்.

கான்ட்ராஸ்ட் மருந்து இல்லாமல் எடுக்கும் டெம்போரல் போன் சிடிதான், செவிப்பறைக்குப் பின்னால் நிறம் தெரிந்தவர்களுக்கு என் முதல் தேர்வு. காரணம் எளிமையானது. இங்கே நாம் கேட்கும் கேள்வியே எலும்பைப் பற்றியது: சுவர் இருக்கிறதா, குழாய் போகும் கால்வாய் சரியான இடத்தில் இருக்கிறதா? அரை மில்லிமீட்டர் கனத்தில் நறுக்கிப் பார்த்தால் இதற்கெல்லாம் பதில் வெறும் படத்திலேயே இருக்கிறது. வழிமாறிய கரோட்டிட் என்றால், உட்காதில் நத்தைக்கூடுபோல் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்கு முன்னால் செங்குத்தாக ஏற வேண்டிய எலும்புக் கால்வாய் அந்தப் பக்கம் காணாமல் போயிருக்கும். நூலளவு இருக்க வேண்டிய தரைத்துளை பெருத்திருக்கும். அதிலிருந்து கிளம்பும் குழாய் உட்சுவர் மேட்டின் மீது தவழ்ந்து முன்னால் போய்ச் சேரும். மறுபக்கக் காதை வைத்து ஒப்பிட்டால் மாணவர்கூடக் கண்டுபிடிப்பார்.

ஸ்டபீடியல் தமனிக்கு அடையாளம் இன்னும் சுவையானது. குழாய் மயிரிழை அளவு என்பதால் அதையே தேடினால் அகப்படாது. மண்டையோட்டின் அடியில் ஃபொராமென் ஸ்பைனோசம் என்று ஒரு துளை உண்டு. மூளை உறைக்குப் போகும் தமனி நுழையும் வாசல் அது. ஸ்டபீடியல் தமனி மறையாதவர்களுக்கு அந்த ரத்தம் காது வழியாகவே போய்விடுவதால் வாசலே திறந்திருக்காது. கூடவே முகநரம்பின் கால்வாயும் காதருகே பருத்திருக்கும். வாசல் இல்லாததை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது, அந்தத் தமனி கண்ணுக்குப் போகும் குழாயிலிருந்து கிளம்புபவர்களுக்கும் துளை இருக்காது. இரண்டும் சேர்ந்தால்தான் சாட்சி. அங்கவடி எலும்பில் அறுவை செய்யப்போகும் சர்ஜனுக்கு இந்த இரண்டு வரி எவ்வளவு பெறும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஜுகுலர் குமிழா, அந்தக் குமிழருகே முளைத்த குளோமஸ் கட்டியா என்பதையும் எலும்பே சொல்லும். குமிழ் பெருத்து ஏறியிருந்தால் எலும்பு ஓரம் வழவழப்பாக, வார்த்தெடுத்ததுபோல் இருக்கும். கட்டி என்றால் கரையான் அரித்த உத்தரம்போல் இருக்கும். குளோமஸ் நடுக்காதோடு நிற்கிறதா, கீழிருந்து ஏறி வந்ததா என்பது தரை முழுசாக இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. முழுசாக இருந்தால் காது வழியாகவே எடுத்துவிடலாம், இல்லையென்றால் அறுவையின் அளவே மாறும்.

கதிர்வீச்சு பற்றிக் கேட்பீர்கள். பெரியவர்களுக்கு இந்த சிடியில் படுவது சுமார் 1 மில்லிசீவர்ட் அளவில். இயற்கையிலிருந்தே ஓராண்டில் உலக சராசரியாக ஒருவர் மீது படுவது 2.4 மில்லிசீவர்ட். பயப்படும் அளவு இல்லை, ஆனால் குழந்தைக்குத் தேவையில்லாமல் திரும்பத் திரும்ப எடுக்கவும் கூடாது. கர்ப்பிணி என்றால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

சிடிக்குத் தெரியாததும் இருக்கிறது. சதைப்பகுதி எல்லாமே அதில் ஒரே சாம்பல். கட்டிக்குப் பின்னால் நீர் தேங்கியிருந்தால் கட்டி எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. அங்கேதான் எம்.ஆர்.ஐ. வேண்டும்.

எம்.ஆர்.ஐ.யை நான் குறைத்துப் பேசவில்லை. குளோமஸ் கட்டி மூளை உறையைத் தொட்டிருக்கிறதா, நரம்புகளைச் சுற்றியிருக்கிறதா, கழுத்தின் மறுபக்கம் இன்னொன்று இருக்கிறதா என்பதற்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. பெரிய கட்டிகளில் வெள்ளைப் புள்ளியும் கறுப்புப் புள்ளியும் கலந்து தெரியும், உப்பும் மிளகும் தூவியதுபோல் என்று எங்கள் தொழிலில் சொல்வோம். கறுப்பு, வேகமாக ரத்தம் ஓடும் குழாய்கள். ஆனால் நடுக்காதோடு நிற்கும் பட்டாணிக்கும் சிறிய கட்டியில் இந்த மசாலாவை எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போது அந்தக் கணவரின் கேள்விக்கு வருகிறேன். எம்.ஆர்.ஐ.யில் கெட்டி எலும்பு கறுப்பு. காற்று கறுப்பு. வேகமாக ஓடும் ரத்தமும் சாதாரண படங்களில் கறுப்பு. எலும்புச் சுவரும், காற்றறையும், வழிமாறிய தமனியும் ஒரே நிறத்தில் கிடக்கும்போது எங்கே எது முடிகிறது என்று யார் கண்டது? அமாவாசை இருட்டில் பெருச்சாளிக்குப் போனதே வழி. கான்ட்ராஸ்ட் ஏற்றிய படத்தில் தமனி பளிச்சென்று மின்னும், ஆனால் கட்டியும் அப்படியே மின்னும். உட்சுவர் மேட்டில் மின்னும் சின்ன உருண்டையைப் பார்த்தவுடன், அடிக்கடி பார்த்த பெயரான குளோமஸ் நாக்கில் வந்துவிடுகிறது. இதற்கு நேரெதிரான பொறியும் உண்டு. ஜுகுலர் குமிழுக்குள் ரத்தம் மெதுவாகச் சுழல்வதால் அது சில படங்களில் வெளுப்பாகத் தெரிந்து, இல்லாத கட்டியைக் காட்டும். சிரைக்கென்று தனியாக எடுக்கும் எம்.ஆர். வெனோகிராம் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும்.

சிடி ஆஞ்சியோ இரண்டுக்கும் நடுவில் நிற்பது. கைநரம்பில் அயோடின் மருந்து ஏற்றி, தமனி நிறையும் நேரத்திலும் சிரை நிறையும் நேரத்திலும் எடுப்பது. எலும்பு, தமனி, சிரை மூன்றும் ஒரே படுக்கையில். வெளியூரிலிருந்து ஒருநாள் லீவு போட்டுவிட்டு வருபவருக்கு நானே இதைச் சிபாரிசு செய்வதுண்டு, எலும்புக்கென்று தனியாக மெல்லிய நறுக்கும் போட்டுத் தருவார்கள் என்றால். போடாவிட்டால் பாதி பயன் போச்சு. சும்மா ‘ஆஞ்சியோ’ என்று சீட்டு வந்தால் சில இடங்களில் கனமான நறுக்கு எடுத்து, குழாயை மட்டும் வண்ணப் படமாக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எலும்பு அதில் இருக்காது. அயோடின் அலர்ஜி, சிறுநீரகக் கோளாறு, தைராய்டு மிகை, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் இவை இருந்தால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் ஏற்றக் கூடாது.

தொடை அல்லது மணிக்கட்டுக் குழாய் வழியாக கதீட்டர் செலுத்திச் செய்யும் ஆஞ்சியோதான் இவற்றில் மூத்தது. எகாஸ் மோனிஸ் லிஸ்பனில் மூளைக்குழாய்களைப் படம் பிடித்தது 1927இல். சிடி வருவதற்கு முன் வழிமாறிய கரோட்டிடைக் கண்டுபிடிக்க இதுதான் வழி. இன்று வெறும் கண்டுபிடிப்புக்காக அதைச் செய்வதை நான் ஏற்கமாட்டேன். நிரந்தர நரம்புப் பாதிப்புக்கான வாய்ப்பு கைதேர்ந்த இடங்களில் நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவு, இருந்தாலும் அது பூஜ்யம் இல்லை, ஊசிகூடக் குத்தாத சிடி அதே பதிலைத் தரும்போது எதற்கு? பெரிய குளோமஸை எடுக்கும் முன் அதற்கு ரத்தம் கொடுக்கும் குழாயை அடைக்க வேண்டும் என்றால் அது சிகிச்சை, அப்போது தேவை. அதற்கும் முன்னால் ரத்தத்திலோ சிறுநீரிலோ மெட்டாநெஃப்ரின் பார்த்துவிட வேண்டும். இந்தக் கட்டிகளில் சில, பிரஷரை எகிறவைக்கும் சுரப்பைக் கொட்டக்கூடியவை.

இன்னொரு இடத்திலும் கதீட்டர் ஆஞ்சியோவுக்குத் தலைவணங்குகிறேன். ஸ்டெதஸ்கோப்பில் டாக்டருக்கும் சத்தம் கேட்ட ஆளை நினைவிருக்கிறதா? அவருடைய செவிப்பறை வெள்ளையாகவே இருக்கலாம், சிடியும் எம்.ஆர்.ஐ.யும் நார்மலாக வரலாம். மூளை உறையில் தமனியும் சிரையும் நேரடியாக ஒட்டிக்கொண்ட ஃபிஸ்டுலா அங்கே ஒளிந்திருக்கும். சில வகைகள் மூளையில் ரத்தக்கசிவு வரை கொண்டுபோகும். அதை உறுதியாக இல்லை என்று சொல்ல கதீட்டர் ஆஞ்சியோ ஒன்றுதான் வழி. நார்மல் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்புவது தப்பு.

உடல் எடை கூடிய இளம்பெண், தலைவலி, பார்வை மங்கல், காதில் துடிப்பு, செவிப்பறை நார்மல்: இவருக்கு என் வரிசை தலைகீழ். மூளைநீர் அழுத்தம் கூடியிருக்கலாம், முதலில் கண் டாக்டர், பிறகு எம்.ஆர்.ஐ.யும் வெனோகிராமும். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேனான கழுத்து டாப்ளர் எல்லோருக்கும் எழுதப்படுகிறது. கழுத்தில் அடைப்பு இருந்தால் காட்டும், மண்டையோட்டுக்குள் அதற்குக் கண் கிடையாது. காது கேட்க உட்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளாண்ட் கருவிக்குத் தயாராகும் குழந்தைகளுக்கு சிடி, எம்.ஆர்.ஐ. இரண்டுமே எடுப்பது வழக்கம். யாருமே தேடாத ஜுகுலர் குமிழ்கள் அப்படித்தான் அகப்படுகின்றன.

ரிப்போர்ட் எழுதுபவரிடம் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். செவிப்பறைக்குப் பின்னால் சிவப்பு என்ற தகவல் சீட்டில் இருக்க வேண்டும், வெறும் ‘காது வலி’ என்று வந்தால் நாங்கள் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்போம். ரிப்போர்ட்டில் இரு பக்கக் கரோட்டிட் கால்வாய், ஜுகுலர் குமிழின் மேல்சுவர், நடுக்காதின் தரை, ஃபொராமென் ஸ்பைனோசம் நான்கும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தாலும் கேளுங்கள்.

குளோமஸ் என்று உறுதியானவர்கள் வீட்டில் வேறு யாருக்காவது கழுத்திலோ காதிலோ கட்டி உண்டா என்று விசாரிக்க வேண்டும். இந்தக் கட்டிகளில் ஒரு பங்கு எஸ்.டி.எச். குடும்ப மரபணுக்களில் வரும் பிழையால் வருபவை. அவற்றில் எஸ்.டி.எச்.டி. என்ற ஒன்று விசித்திரமானது. பிழை அப்பா வழியாக வந்தால்தான் கட்டி முளைக்கிறது. அம்மா வழியாக வந்தால் பெரும்பாலும் சும்மா இருக்கிறது. ஒரு தலைமுறை தப்பித்து அடுத்த தலைமுறையில் தலைகாட்டுவது அதனால்தான்.

அந்த அம்மாவுக்கு அன்றே சிடி எடுத்தோம். மருந்து ஏற்றவில்லை, மெஷினில் இருந்தது சில நிமிடம்தான். இடப்பக்கம் கரோட்டிட் கால்வாய் பாடப்புத்தகப் படம்போல் நின்றது. வலப்பக்கம் அது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எலும்பு. தரைத்துளை பெருத்து, அங்கிருந்து ஏறிய குழாய் உட்சுவர் மேட்டின் மேல் கிடந்தது. எம்.ஆர்.ஐ.யில் மின்னிய ‘கட்டி’ அதுதான். இஎன்டி டாக்டருக்கு நானே போன் செய்து சொன்னேன், பயாப்சி பேச்சு அத்தோடு நின்றது.

கணவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ ஆபரேஷன்?"

"எதுவும் கிடையாது. இது கட்டி இல்லீங்க, இவங்க மூளைக்குப் போற ரத்தக்குழாய். அதைத் தொடாம இருக்கிறதுதான் வைத்தியம்."

ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே, வலது நடுக்காதில் கரோட்டிட் தமனி, ஊசியோ கீறலோ கூடாது என்று பெரிய எழுத்தில் போட்டேன். அதை லேமினேட் செய்து வைத்துக்கொள்ளச் சொன்னேன், பின்னால் சளி பிடித்து வேறு ஊரில் வேறு டாக்டர் காதைப் பார்த்தாலும் முதலில் அதைக் காட்ட வேண்டும் என்று. அந்த அம்மா கவரை மடியில் வைத்துக்கொண்டு, இந்தச் சத்தம் எப்போது நிற்கும் என்று கேட்டார்.

நிற்காதும்மா என்றேன். ராத்திரி தலைமாட்டில் ஃபேனைக் கொஞ்சம் சத்தமாக ஓடவிட்டு, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துப் பார்க்கச் சொன்னேன்.